சி மொழியில் கோப்புப் பாதையிலிருந்து டைரக்டரியை மட்டும் பிரித்தெடுப்பது

பெரம்பூர்–பெசன்ட் நகர் பேருந்தின் நிறுத்தப் பட்டியல் /தரவு/சென்னை/29சி என்ற கோப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தடங்களின் கோப்புகளையும் திறக்க வேண்டுமானால் /தரவு/சென்னை மட்டும் தனியாக வேண்டும். லினக்ஸில் இதற்கென்றே லிப்ஜென்.ஹெச் தலைப்புக் கோப்பில் டர்நேம் என்ற ஃபங்ஷன் உண்டு.

அதை அழைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கொடுக்கும் ஸ்ட்ரிங்கிலேயே அது கை வைக்கலாம். லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில், கடைசி ஸ்லாஷ் இருந்த இடத்தில் நல் பைட்டை (ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டும் 0 பைட்) எழுதிவிடும். மேலே உள்ள பாதையை நிரலுக்குள் மேற்கோளில் எழுதி நேரடியாகக் கொடுத்தால், எழுதக் கூடாத நினைவகத்தில் எழுதப் போய் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற நினைவகப் பிழையில் விழும். எழுதக்கூடிய அரேயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எதுவும் விழாது, உங்கள் பாதை மட்டும் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். பிறகு அதே பாதையை எஃப்ஓப்பனில் வாசிக்கத் திறந்தால் லினக்ஸ் டைரக்டரியையே திறந்து கொடுக்கும். வாசிக்கும்போதுதான் பிழை வரும். தவறு நடந்த இடமோ வேறெங்கோ இருக்கும்.

அதனால் முதலில் ஸ்டர்டூப் கொண்டு நகல் எடுங்கள். நினைவகம் கிடைக்காமல் நல் (எதையும் சுட்டாத பாயிண்டர்) திரும்பி வந்ததா என்று பாருங்கள். நகலை டர்நேமுக்குக் கொடுங்கள். வேலை முடிந்ததும் நகலின் பாயிண்டரைத்தான் ஃப்ரீ செய்ய வேண்டும், டர்நேம் தந்ததை அல்ல. அது நகலுக்குள்ளேயே சுட்டலாம், நிலையான நினைவகத்தையும் சுட்டலாம். முடிவு நெடுநேரம் தேவையென்றால், நகலை விடுவிக்கும் முன் அதையும் ஒரு ஸ்டர்டூப் செய்துவிடுங்கள்.

டர்நேம் இல்லாத இடத்தில் பலரும் ஸ்டர்ஆர்சிஹெச்ஆர் கொண்டு கடைசி ஸ்லாஷைத் தேடி வெட்டுவார்கள். மூன்று இடங்களில் அது சறுக்கும். வெறும் 29சி என்றால் ஸ்லாஷே இல்லை, நல் வரும். சரியான விடை ஒற்றைப் புள்ளி, அதாவது இப்போதிருக்கும் டைரக்டரி. /29சி என்றால் காலி ஸ்ட்ரிங் மிஞ்சும். விடை ஸ்லாஷாக இருக்க வேண்டும். /தரவு/சென்னை/ என்று ஸ்லாஷில் முடிந்தால் டர்நேம் /தரவு என்று தரும், இந்த முறையோ /தரவு/சென்னை என்று தரும்.

கையால் எழுதுவதானால் நீளத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வரும் முறைதான் சிறந்தது, மூலத்தைத் தொடவே வேண்டாம்.

1. பாதை நல் அல்லது காலி என்றால் புள்ளியைத் திருப்பி அனுப்புங்கள்.
2. நீளம் 1-ஐவிட அதிகமாக இருக்கும்வரை இறுதி ஸ்லாஷ்களைக் கழியுங்கள்.
3. அங்கிருந்து ஸ்லாஷ் தட்டுப்படும்வரை பின்னோக்கி வாருங்கள். நீளம் 0 ஆனால் விடை புள்ளி.
4. இரட்டை ஸ்லாஷ்களுக்காக 2-ஆம் படியை மீண்டும் செய்யுங்கள்.
5. நீளத்தோடு 1 கூட்டி மாலாக் செய்து (அத்தனை பைட் இடம் ஒதுக்கி), மெம்கப்பியில் நகலெடுத்து, கடைசியில் நல் பைட்டை வையுங்கள்.

3-ஆம் படியில் நீளம் 0-ஐவிடப் பெரிதா என்பதை முதலில் சோதித்த பிறகே எழுத்தைப் படியுங்கள். நீளத்தை வைக்கும் சைஸ்_டி வகை குறியற்ற எண், மைனஸ் ஆகாது. 0-இலிருந்து 1-ஐக் கழித்தால் மாபெரும் எண்ணாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களால் இதில் சிக்கல் வராது. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஸ்லாஷின் பைட் அவற்றுக்குள் எங்கும் வராது. சென்னை என்பது 6 குறியீடு, 18 பைட். நம் பாதை மொத்தம் 41 பைட், டைரக்டரி 32, மாலாக் செய்ய வேண்டியது 33. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எண்ணி இடம் ஒதுக்காதீர்கள், ஸ்டர்லென் சொல்லும் பைட் நீளத்தையே நம்புங்கள்.

விண்டோஸில் பின்சாய்ந்த ஸ்லாஷும் பிரிப்பானே, டிரைவ் எழுத்தும் முன்னால் வரும். அங்கே _ஸ்ப்ளிட்பாத்_எஸ் பயன்படுத்தி டிரைவையும் டைரக்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டர்நேம் எழுத்தை மட்டுமே பார்க்கும், டிஸ்க்கைத் தொடாது. சிம்லிங்க்கையோ (வேறிடத்தைச் சுட்டும் கோப்பு) இரட்டைப் புள்ளியையோ (ஒரு படி மேலுள்ள டைரக்டரி) அவிழ்க்காது. உண்மையான இடம் வேண்டுமென்றால் ரியல்பாத் என்ற ஃபங்ஷன் வேண்டும். அதற்குக் கோப்பு ஏற்கெனவே இருந்தாக வேண்டும். இனிமேல்தான் உருவாக்கப்போகும் கோப்பு என்றால், முதலில் டைரக்டரியைப் பிரித்துக்கொண்டு அதை ரியல்பாத்துக்குக் கொடுங்கள்.