கம்பஸ் முடிச்சு ரிசேர்ச் செய்யப் போறீங்களா? அரசாங்கக் காசு எங்க இருக்கு, எப்பிடி எடுக்கிறது

பி.எஸ்சி முடிச்சிட்டு எம்.பில் செய்வம் எண்டு நிக்கிற தம்பி தங்கச்சிமார் என்னட்ட கேக்கிற முதல் கேள்வி, "அண்ணா, ரிசேர்ச்சுக்கு கவர்மென்ட் காசு குடுக்குமாமே, ஃபோர்ம் எங்க எடுக்கிறது?" ஃபோர்ம் பிறகு பாப்பம். முதல்ல ஒண்டு விளங்கோணும். எங்கட இலங்கையில ரிசேர்ச் காசு பெரும்பாலும் மாணவர்ட பேருக்கு வாறதில்ல, சூப்பர்வைசர்ட பேருக்குத்தான் வரும், நீங்க அந்த ப்ரொஜெக்டுக்குள்ள ரிசேர்ச் அசிஸ்டன்டா போய் மாசாமாசம் அலவன்ஸ் எடுத்துக்கொண்டு அதே வேலையை உங்கட டிகிரிக்கும் பதியிறீங்க. இதைச் சொல்லித்தர எனக்கு ஆள் இருக்கேல்ல, "ஸ்கொலர்ஷிப்" எண்டு பேர் போட்டு வந்ததை மட்டும் தேடித்தேடி ஒரு முழு வருஷம் போட்டுது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது எண்டுதான் இவ்வளவையும் எழுதுறன்.

முதல் படி: என்ன டிகிரி எண்டு முடிவெடுங்கோ

பாடம் படிச்சு எக்ஸாம் எழுதுற எம்.எஸ்சிக்கு இந்தக் காசு கிடைக்கிறது கஷ்டம், அது ரிசேர்ச்சுக்கு எண்டு ஒதுக்கின காசு. ரிசேர்ச் செய்து எடுக்கிற டிகிரி எண்டா எம்.பில்லும் பி.எச்.டியும்; டிகிரிகளை மட்டம் மட்டமா வரிசைப்படுத்துற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில எம்.பில் 11ஆம் மட்டம், பி.எச்.டி 12ஆம் மட்டம். எம்.பில்லுக்கு முழுநேரமா குறைஞ்சது 2 வருஷம், பி.எச்.டிக்கு 3 வருஷம். நீங்க கேக்கிற காசு எத்தினை மாசத்துக்கு எண்டது இதிலயே முடிவாகிடும்.

இரண்டாவது: ஆர் குடுக்கினம்

என்.எஸ்.எஃப், அதாவது தேசிய விஞ்ஞான மன்றம், கொழும்பு 7 மெயிட்லண்ட் பிளேஸில, எஸ்.எஸ்.சி கிரிக்கெட் கிரவுண்ட் இருக்கிற அதே ரோட்டில. 1994ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, அதுக்கு முதல் நரேசா எண்டு பேர், பழைய ப்ரொபெசர்மார் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவினம். அடுத்தது என்.ஆர்.சி, தேசிய ஆராய்ச்சிப் பேரவை. இது அரச பல்கலைக்கழகத்திலயும் அரச ஆராய்ச்சி நிறுவனத்திலயும் வேலை செய்யிற விஞ்ஞானிகளுக்குக் குடுக்கிறது, உங்களுக்கு நேர வராது, ஆனா அவையின்ர ப்ரொஜெக்டில ஆள் எடுப்பினம். விவசாயம், மீன், கால்நடை எண்டா விஜேராம மாவத்தையில இருக்கிற விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபையையும் பாருங்கோ. இதை விட உங்கட சொந்த யூனிவர்சிட்டியிலயே சின்னச் சின்ன கிரான்ட் இருக்கும், அதை ஒருத்தரும் தேடுறதில்ல. கண்டி ஹந்தானையில இருக்கிற அடிப்படைக் கற்கைகள் நிறுவகமும் ரிசேர்ச் அசிஸ்டன்ட் எடுக்கிறது.

மூன்றாவது: காசு இருக்கிற சூப்பர்வைசரைப் பிடியுங்கோ

இதுக்கு ஒரு வழி இருக்கு, செலவே இல்ல. ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளத்தில எங்கட நாட்டு ஆய்வுக் கட்டுரைகள் சும்மா வாசிக்கலாம். உங்கட துறையில கடைசி 5 வருஷத்தில வந்ததை எடுத்து நேர கடைசிப் பக்கத்துக்குப் போங்கோ, நன்றி சொல்ற பகுதியில "இந்த வேலைக்கு என்.எஸ்.எஃப் காசு தந்தது" எண்டு கிரான்ட் நம்பரோட போட்டிருப்பினம். பத்துப் பதினைஞ்சு கட்டுரை பாத்தாலே ஆருக்கு அடிக்கடி காசு வருது எண்டு தெரிஞ்சிடும். அந்த சேரையோ மேடத்தையோ போய்ச் சந்திக்கேக்க "உங்கட இந்தக் கட்டுரையை வாசிச்சன், இதில இந்த இடம் விளங்கேல்ல" எண்டு தொடங்குங்கோ. வெறுங்கையோட போய் "சேர் ஏதும் ப்ரொஜெக்ட் இருக்கோ" எண்டு கேக்கிற ஆளுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அவைக்கு உடன தெரியும்.

நாலாவது: ஒரு பக்கம் எழுதுங்கோ, முதல்ல தமிழில

ஏ.எல் வரைக்கும் தமிழில படிச்சிட்டு வந்த எங்களுக்கு இங்கிலிஷில ப்ரொபோசல், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதேக்க பெரிய பெரிய சொல்லுத்தான் வரும், கேள்வி வராது. என்ன தெரியாம இருக்கு, அதை எப்பிடிக் கண்டுபிடிப்பன், தெரிஞ்சா ஆருக்குப் பிரயோசனம், இந்த மூண்டையும் வீட்டில அம்மாவுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்கோ. நான் என்ரயை வெள்ளவத்தையில நான் இருந்த வீட்டு அன்ரிக்கு வாசிச்சுக் காட்டினன், "அப்ப நாங்கள் குடிக்கிற தண்ணியில ஈயம் இருக்கோ இல்லையோ?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வியைத்தான் பிறகு ப்ரொபோசலின்ர முதல் வரியா இங்கிலிஷில போட்டன்.

ஐந்தாவது: பட்ஜெட்

கன பேர் விழுறது இங்கதான், அதால இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. பட்ஜெட் எண்டது ஒரு பெரிய தொகையை மனசில வச்சு அதைப் பிரிச்சு எழுதுறதில்ல, சாம்பிளில இருந்து எண்ணிக்கொண்டு மேல வாறது. களனி கங்கையில, கடுவெலையில இருந்து மட்டக்குளியில கடலில விழுற இடம் வரைக்கும் 6 இடத்தில தண்ணி எடுக்கிறீங்க எண்டு வைப்பம், கொழும்புக்குக் குழாய்த் தண்ணி எடுக்கிற அம்பத்தலையும் அதுக்குள்ள வரும். மாசம் ஒருக்கா, 12 மாசம், ஒரு இடத்தில 3 போத்தல். 6 தர 12 தர 3, 216. ஒவ்வொரு பயணத்துக்கும் 2 வெற்றுச் சாம்பிள் (ஆத்துத் தண்ணி இல்லாம சுத்தத் தண்ணி விட்ட போத்தல், வழியில ஏதும் கலந்துதோ எண்டு பாக்க) கொண்டு போகோணும், அது 24. எல்லாமா 240 சாம்பிள். இப்ப ஒரு சாம்பிள் ஈயம், கட்மியத்துக்குப் பாக்க லாப் எவ்வளவு எடுக்குது எண்டு எழுத்தில கேட்டு வாங்கி 240ஆல பெருக்குங்கோ. போத்தலை 10 சதவீத நைட்ரிக் அசிட்டில ஊற வைச்சுக் கழுவோணும், எடுத்த தண்ணிக்கும் பி.எச் 2க்குக் கீழ வாற மாதிரி அசிட் விடோணும், அப்ப அசிட் எத்தினை லீற்றர், கையுறை எத்தினை பெட்டி, வான் எத்தினை நாள். இப்பிடி எழுதின பட்ஜெட்டை வெட்டுறது கஷ்டம், ஏனெண்டா ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் நிக்குது. "இதர செலவு" எண்டு மொத்தமா ஒரு தொகை போட்டா முதல் வெட்டு அதில்தான் விழும்.

விலைக்கு கொட்டேஷன் எடுங்கோ, மூண்டு இடத்தில எண்டா நல்லம். வற் சேர்த்த விலையா எண்டு பாருங்கோ, 2024 ஜனவரியில இருந்து வற் 18 சதவீதம், அதை மறந்தா அஞ்சில ஒரு பங்கு கிட்ட துண்டு விழும். கெமிக்கல் எல்லாம் வெளியில இருந்து வாற சாமான், டொலரோட ஏறும். 2022இல டொலர் 200 ரூபாவில இருந்து சில மாசத்துக்குள்ள 360 தாண்டினதை எல்லாரும் பாத்தனாங்கள், அதுக்கு முதல் எழுதின பட்ஜெட்டை வச்சுக்கொண்டு லாப்பில சாம்பிளைப் பாதியாக் குறைச்ச ஆக்களை எனக்குத் தெரியும். அதால இல்லாட்டி வேலையே நிண்டுபோற சாமான் எது எண்டு தனியாக் குறிச்சு வச்சு, காசு வந்த உடன அதை முதல்ல வாங்குங்கோ.

ஆறாவது: கையெழுத்தும் பெர்மிட்டும்

சூப்பர்வைசர், துறைத் தலைவர், டீன், சில நேரம் அதுக்கு மேலயும் கையெழுத்து வேணும். என்ர முதல் விண்ணப்பம் எல்லாம் முடிஞ்சு ஒரு கையெழுத்துக்காக ஒரு மேசையில 9 நாள் கிடந்தது, முடிவுத் திகதி 2 நாளால போட்டுது. அழுகை வந்தது. அதுக்குப் பிறகு நான் முடிவுத் திகதிக்கு 3 கிழமைக்கு முதலே கையெழுத்துக்கு நடக்கத் தொடங்குவன். மனிசரிட்ட இரத்தமோ விபரமோ எடுக்கிறீங்க, இல்ல மிருகத்தில செய்யிறீங்க எண்டா நெறிமுறைக் குழுவின்ர அனுமதி வேணும். தேசிய பூங்காவுக்குள்ள சாம்பிள் எண்டா வனஜீவராசிகள் திணைக்களம், காடு எண்டா வனப் பாதுகாப்புத் திணைக்களம், ரெண்டும் பத்தரமுல்லயில. இதுக்கெல்லாம் மாசக்கணக்கு எடுக்கும், கிரான்ட் வந்த பிறகு போடுவம் எண்டு இருக்காதேங்கோ.

ஏழாவது: அனுப்பின பிறகு

கிடைச்சா காசு உங்கட எக்கவுண்டுக்கு வராது, யூனிவர்சிட்டி நிதிப் பகுதிக்குத்தான் போகும், பகுதி பகுதியா. முன்னேற்ற அறிக்கை குடுத்தாத்தான் அடுத்த பகுதி வரும், அதால பில் எல்லாத்தையும் முதல் நாளில இருந்தே ஒரு ஃபைலில போடுங்கோ, வான்காரர் தாற சின்னத் துண்டு உட்பட. கிடைக்காட்டி மதிப்பீட்டாளர் என்ன எழுதினவர் எண்டு சூப்பர்வைசர் மூலம் கேட்டு எடுங்கோ. என்ரயில "6 இடத்தை ஏன் தெரிஞ்செடுத்தீர்கள்" எண்டு ஒரே ஒரு வரி இருந்தது. அடுத்த முறை அதுக்குப் பதிலா ஆத்தின்ர படம் கீறி, எந்த ஃபெக்டரித் தண்ணி எந்த இடத்தில விழுது எண்டு காட்டி அரைப் பக்கம் சேர்த்தன். அந்த முறை கிடைச்சுது.