இடுப்பு ஒடிகிற வேலையும் மண்டை காய்கிற வேலையும்: எப்படி ஒப்பிடுவது?

நாளெல்லாம் பாரம் தூக்குகிறவரும் நாளெல்லாம் கணக்குப் பார்க்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், யாருக்கு அசதி அதிகம் என்ற வழக்கு தீரவே தீராது. எந்தத் தராசைக் கொண்டுவந்தாலும் அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும்.

கலோரிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றல் செலவில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சிக்கலான கணக்கைப் போடும்போது இந்தச் செலவு பெரிதாக ஏறுவதில்லை. ஆகவே கலோரியை வைத்துப் பார்த்தால் மூளை வேலை வேலையே இல்லை என்றாகிவிடும். மன அழுத்தக் கேள்வித்தாளை வைத்துப் பார்த்தால் மண்வெட்டி பிடித்தவர் நிம்மதியாக இருந்ததாக வரும். இரண்டும் பொய்.

இங்கே சொல்லும் முறையில் நோட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மூன்று பத்திகள் உண்டு: உடம்புக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று, அசதி தெளிய ஆகும் நேரத்துக்கு ஒன்று. முதல் இரண்டையும் கூட்டவே கூடாது. மூன்றாவதுதான் இரண்டு வேலைக்கும் பொது, ஒப்பிடுவது அங்கேதான்.

தேவையானவை: ஒரு நோட்டு, விநாடி காட்டும் கடிகாரம், 30 செ.மீ. ஸ்கேல், அளவு நாடா, எடை பார்க்கும் கருவி. பத்து வேலை நாட்கள், இடையில் வரும் விடுமுறை நாட்களையும் சேர்த்து. முதல் மூன்று நாட்கள் கை பழகுவதற்கு. அந்த எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் வேலையை உடைத்து எழுதுங்கள்

பதவியின் பெயரை எழுதினால் பயனில்லை. 'நர்ஸ்' என்பது ஒரு வேலையே அல்ல. நோயாளியைப் புரட்டுவது, மருந்தளவு கணக்கிடுவது, அழுகிற உறவினரிடம் பேசுவது என்று மூன்று வேலை. ஓட்டுநர் உட்கார்ந்தே இருக்கிறார், கண்ணை மட்டும் எடுக்க முடியாது. எனவே அன்றைய நாளை அரைமணி நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் கையும் முதுகும் என்ன செய்தன, கவனம் எங்கே இருந்தது என்று ஒரே வரியில் குறியுங்கள். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் கடைசி ஒரு மணி நேரத்தின் எரிச்சல் நாள் முழுவதற்கும் பூசப்பட்டுவிடும். வேலைக்கு நடுவிலேயே எழுதுங்கள்.

உடம்புப் பத்தி

காலையில் படுக்கையைவிட்டு எழுவதற்கு முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அது உங்கள் ஓய்வு அளவு. 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச அளவு தோராயமாகக் கிடைக்கும். ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேல்கூட மாறலாம். உச்சத்துக்கும் ஓய்வுக்கும் உள்ள இடைவெளியில் வேலை எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். வயது 40, ஓய்வில் 70, உச்சம் 180 என்றால் இடைவெளி 110. வேலை நேரச் சராசரி 112 என்று வந்தால், ஓய்வுக்கு மேல் 42 துடிப்பு. அதாவது 38 சதவீதம். எட்டு மணி நேரம் தாங்கக்கூடியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதே வேலை உடலியலில் புழங்கும் கணக்கு. இவர் அதைக் கொஞ்சம் தாண்டிவிட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு என்றால் வரம்பு இன்னும் கீழே இறங்கும்.

இதைவிட எளிதான சோதனை ஒன்று உண்டு. கனமான ஒரு பகுதியை முடித்ததும் அப்படியே உட்காருங்கள். முதல் நிமிடத்தின் கடைசி 30 விநாடியில் துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்றாம் நிமிடத்திலும் அதேபோல. முதல் எண் 110-க்குள் இருந்து, மூன்றாம் நிமிடத்து எண் அதைவிடப் பத்தாவது குறைந்திருந்தால் அந்த வேகம் உங்களுக்குத் தாங்கும். உடலியலாளர் லூசியன் புரூஹா தொழிற்சாலைகளுக்காக வகுத்த முறை இது. ஸ்மார்ட்வாட்ச் இல்லாதவரும் செய்யலாம் என்பதே இதன் அழகு.

துடிப்பு எப்போது ஏமாற்றும்? வெயிலும் புழுக்கமும் அதே வேலைக்கே துடிப்பை ஏற்றிக் காட்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு உழைத்தாலும் வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர் எண்ணை விட்டுவிட்டு, ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்கின் 6 முதல் 20 வரையிலான அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். 6 என்றால் எந்தச் சிரமமும் இல்லை, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 20 இதற்கு மேல் முடியாது. ஏன் 6-இல் தொடங்குகிறது என்று குழம்ப வேண்டாம்: ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு தோராயமாக வரும்.

மேஜை வேலைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசையாமல் இறுகியே இருக்கும் தசை தனக்கு வரும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்கும். கழுத்தும் தோளும் மணிக்கணக்கில் அப்படி நின்றால் வலிக்கும். நாடி மட்டும் 75-லேயே இருக்கும். எனவே "எந்த இடம் வலிக்கிறது" என்ற கேள்வி உடல் உழைப்பாளிக்கு மட்டுமானதல்ல.

தூக்கும் வேலையில் எடையை மட்டும் எழுதினால் போதாது, தூரத்தையும் எழுதுங்கள். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ் 1991-இல் திருத்திய தூக்கும் சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தால் வரம்பு 23 கிலோ. பொருள் உடம்போடு ஒட்டி, கை தொங்கும் உயரத்தில், நல்ல பிடியோடு, திரும்பாமல், எப்போதாவது தூக்கினால்தான் அந்த 23. கணுக்காலிலிருந்து கைப்பிடி வரை கிடைமட்டத் தூரம் 25 செ.மீ.க்கு மேல் போகப் போக வரம்பு சுருங்கும், 50 செ.மீ. ஆனால் நேர்பாதி, பதினொன்றரை கிலோ. இடுப்பைத் திருப்பியபடி தூக்கினால் இன்னும் குறையும். 12 கிலோப் பெட்டியைக் கை நீட்டி எடுக்கிறவர், 20 கிலோவை அணைத்துத் தூக்குகிறவரைவிடச் சிரமப்படுவது இதனால்தான்.

மூளைப் பத்தி

இதற்கு நாடி கிடையாது. கேட்டுத்தான் அறிய வேண்டும், ஆனால் ஒழுங்காகக் கேட்கலாம். நாசாவுக்காக சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லாண்டும் 1988-இல் வெளியிட்ட டிஎல்எக்ஸ் என்ற பணிச்சுமை அளக்கும் முறையில் ஆறு கேள்விகள்: மூளைக்கு எவ்வளவு வேலை, உடம்புக்கு எவ்வளவு, நேர நெருக்கடி எவ்வளவு, எவ்வளவு நன்றாகச் செய்து முடித்தீர்கள், அதற்கு எவ்வளவு பாடுபட்டீர்கள், எவ்வளவு எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை, ஐந்து ஐந்தாக.

பலர் தவறுவது நான்காவது கேள்வியில். அங்கே 0 என்பது சிறப்பாக முடித்தது, 100 என்பது சொதப்பியது. தலைகீழாகப் போட்டால் மொத்தமும் கெடும். சராசரி எடுக்கலாம், ஆனால் ஆறையும் தனித்தனியே பார்த்தால்தான் விஷயம் புரியும். 'மூளை வேலை' 80, எரிச்சல் 15 என்றால் அவர் தன் வேலையில் ஆழ்ந்திருக்கிறார். 'மூளை வேலை' 40, எரிச்சல் 85 என்றால் யாரோ நொடிக்கொரு முறை குறுக்கிடுகிறார்கள், அல்லது முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் காரசெக் 1979-இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்: பணிச்சுமை அதிகம், தன் வேலையில் தன் சொல் செல்லாது என்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆள் நசுங்குகிறார்.

இந்த ஆறில் இல்லாத ஏழாவது ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக எவ்வளவு நேரம் இருக்க நேர்ந்தது? வாடிக்கையாளர் திட்டும்போது சிரிப்பதும் உழைப்புதான். சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்டு 1983-இல் இதை உணர்வு உழைப்பு என்று பெயரிட்டு எழுதினார்.

கேள்விக்குத் துணையாக ஸ்கேல் சோதனை. இன்னொருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்க, பூஜ்யம் உங்கள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். 15 செ.மீ.யில் பிடித்தால் 0.17 விநாடி, 20-இல் 0.20, 30-இல் 0.25. வேலைக்கு முன் பத்து முறை, பின் பத்து முறை. சராசரியை அல்ல, மிக மோசமான இரண்டு பிடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். களைத்த மூளை எல்லா முறையும் மெதுவாக இருப்பதைவிட, நடுநடுவே ஒரு கணம் அணைந்துபோவதுதான் வழக்கம். நாள் முழுக்கக் கருவி பிடித்து விரல் சோர்ந்தவருக்கு இந்தச் சோதனை சரிவராது. விரல் மூடத் தாமதமாவதும் அதில் கலந்துவிடும். அவர் அதற்குப் பதிலாகக் கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை செய்ததையே திருப்பிச் செய்தார் என்று எண்ணட்டும்.

மூன்றாம் பத்தி: தெளிய ஆகும் நேரம்

வீடு திரும்பியதிலிருந்து, யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு காரியத்தை நீங்களாகவே தொடங்கும்வரை எத்தனை நிமிடம் ஆனது? படுத்ததிலிருந்து தூக்கம் வர எவ்வளவு நேரம்? காலையில் முதல் பத்து நிமிடம் உடம்பு எப்படி, மனம் எப்படி? இந்த மூன்றையும் விடுமுறை நாட்களிலும் எழுதுங்கள். உங்களை உங்கள் விடுமுறை நாளோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து ஆளோடு அல்ல.

உடம்பு வலியின் கணக்கு மறுநாளோடு முடியாது. பழகாத வேலையால் வரும் தசைவலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சம் தொடும். திங்கட்கிழமை பாரம் தூக்கியவர் புதன்கிழமை முனகினால், புதன்கிழமை வேலையைக் குறை சொல்லிப் பயனில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன

நாடி அதிகம், மூளைப் பத்தி அமைதி, இரவில் நல்ல தூக்கம், காலையில் விறைப்பு: இவருக்குக் கூடுதல் ஓய்வைவிடப் பாரத்தின் அமைப்பை மாற்றுவதே முதல் மருந்து. பொருளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைப்பது, கை நீட்டும் தூரத்தைக் குறைப்பது, களைப்பதற்கு முன்பே சிறு சிறு இடைவெளி விடுவது. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோக்காரர் 1.4 கிலோ இழந்திருந்தால் 2 சதவீதம். அந்த அளவு நீர் போனால் கவனமும் தடுமாறும். வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு தம்ளர், ஏறத்தாழ 240 மில்லி, தாகம் எடுக்கக் காத்திராமல் குடிக்க வேண்டும்.

நாடி ஓய்வு அளவை ஒட்டியே இருக்கிறது, ஸ்கேலில் இரண்டு பிடி நழுவுகிறது, உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை: இது மூளை அசதி. உடம்பு கனப்பது பிரமை என்று ஒதுக்க வேண்டாம். உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்கோராவின் குழு 2009-இல் வெளியிட்ட சோதனையில், 90 நிமிடம் கவனப் பயிற்சி செய்தவர்கள் சைக்கிள் மிதிப்பதைச் சீக்கிரமே கைவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ அதற்குக் காரணம் தெரியவில்லை. அதே மிதி அவர்களுக்கு அதிகக் கஷ்டமாகத் தோன்றியது. நடைமுறையில் இதற்கு அர்த்தம்: மூளை வேலை முடித்து உடற்பயிற்சிக்குப் போனால் முதல் பத்து நிமிடத்து உணர்வை நம்பாதீர்கள், வேகத்தைக் குறைத்துத் தொடங்குங்கள்.

இவருக்கான இடைவெளியில் போன் பார்ப்பது இடைவெளியே அல்ல. வாசிப்பது, தேர்ந்தெடுப்பது, பதில் சொல்வது எல்லாம் அதே மூளைதான். எழுந்து நடப்பதும் தூரத்தில் பார்ப்பதும் பலன் தரும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்முன், எங்கே விட்டோம், அடுத்து என்ன என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய வேலை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். திரையை வெறித்துப் பார்த்து எப்போதாவது வரும் ஒன்றைப் பிடிக்கும் கண்காணிப்பு வேலையில், முதல் அரைமணிக்குள்ளேயே கூர்மை சரியும் என்பதை உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-இலேயே காட்டிவிட்டார். அங்கே ஆளை மாற்றுவதுதான் வழி, காபி அல்ல.

இரண்டு பத்தியும் ஏறியிருக்கிறதா? தூக்கத்தை முதலில் பாருங்கள். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது. அந்த நிலையில் எடுத்த அளவுகள் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டு இரவு நன்றாகத் தூங்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மேஜை வேலையில் நாடி திடீரென்று 100-ஐத் தொட்டால் உடம்புப் பத்தியில் போடாதீர்கள். அது பெரும்பாலும் காபியாகவோ பதற்றமாகவோ இருக்கும். காபி, டீ குடித்த நேரத்தையும் ஓரத்தில் குறித்தால் இந்தக் குழப்பம் வராது. அதேபோல, "வேலையிலேயே நாளெல்லாம் நடக்கிறேன், தனியாக உடற்பயிற்சி எதற்கு" என்ற கணக்கும் நிற்காது. வேலையின் அசைவு பெரும்பாலும் நீண்ட நேரம், ஒரே மாதிரி, போதிய ஓய்வின்றி நடப்பது. ஓய்வு நேர உடற்பயிற்சி தரும் பலனை அது அப்படியே தந்துவிடுவதில்லை.

ஒரே வீட்டில் இருவர் இப்படி எழுதியிருந்தால் நோட்டை மாற்றிக்கொண்டு படியுங்கள். தெளிய ஆகும் நேரத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாலை வேலைகளைப் பிரிக்கும்போது, மூளை களைத்தவருக்குப் பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது போன்று முடிவெடுக்கத் தேவையில்லாதவற்றையும், உடம்பு களைத்தவருக்குத் தண்ணீர் குடித்து அரைமணி உட்கார்ந்த பிறகு பிள்ளைகளின் பாடம் போன்றவற்றையும் கொடுங்கள். பணக் கணக்கு, படிவம் நிரப்புவது, பெரிய முடிவுகள் இவற்றை இருவருக்குமே இரவில் வைக்காதீர்கள். விடுமுறை நாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள்.