முதியோர் வீட்டில் விழாதிருக்க: நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகள்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றதும் பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, தரையில் ஒரு ரப்பர் விரிப்பு, ‘இனிமேல் தனியாக எங்கும் போகாதீர்கள்’ என்ற கண்டிப்பு. அக்கறையில் பிறந்த இம்மூன்றுமே பிழையாகிவிட இடமுண்டு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் மிகுதியானோர் 60 வயதைக் கடந்தவர்கள்.

அடிப்படையான தவறு, ஆளை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பார்ப்பது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையில் ‘தொழில்’ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதன்று; குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போய் வருவது என ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் அதில் அடங்கும். உடலின் திறனும் சூழல் கேட்கும் உழைப்பும் பொருந்தாத இடத்தில்தான் இடர் பிறக்கிறது என்ற கருத்தை லாட்டன், நாஹெமோ என்னும் ஆய்வாளர்கள் 1973இல் முன்வைத்தார்கள். உறுதியான கால்களுக்கு ஒரு பொருட்டே அல்லாத அதே நிலைப்படி, பார்க்கின்சன் நோயால் காலை இழுத்து நடப்பவருக்குப் பெருந்தடை. ஆகவே படியைப் பார்ப்பதற்கு முன், அதை அவர் எப்படித் தாண்டுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இதை உணர்த்தும் ஆய்வு ஒன்றைச் சிட்னியில் நடத்தி 1999இல் வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற 530 முதியோரில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சென்று, வேண்டிய மாற்றங்களைப் பரிந்துரைத்தார். முந்தைய ஆண்டில் ஏற்கெனவே விழுந்திருந்தவர்களிடையே விழுதல் 36 விழுக்காடு குறைந்தது. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அடுத்த செய்திதான்: வீட்டுக்குள் மட்டுமன்றி, வெளியிடங்களிலும் விழுதல் குறைந்திருந்தது. விரிப்பை அகற்றியதால் தெருவில் விழுவது குறையாது. சிகிச்சையாளரோடு பேசிய பின் அவர்கள் நடமாடும் முறையும் மாறியிருக்க வேண்டும் என்றே கொள்ள முடிகிறது.

எல்லா முதியவர்களுக்கும் ஒரே ஏற்பாடு பயன் தரும் என்று எண்ணுவது அடுத்த தவறு. இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வின்படி, வீட்டிலுள்ள இடர்களைக் குறைப்பது, விழும் அபாயம் மிகுந்தவர்களிடையே விழுதலை ஏறத்தாழ 38 விழுக்காடு குறைக்கிறது. அத்தகைய அபாயம் இல்லாதவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. அண்மையில் விழுந்தவர், மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் திரும்பியவர், பார்வை மிகவும் குன்றியவர் ஆகியோரின் வீடுகளிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும். நியூசிலாந்தில் 75 வயதைக் கடந்த, பார்வை குன்றிய 391 பேரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் வழிநடத்திய வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தால் விழுதல் 41 விழுக்காடு குறைந்தது.

ஒரே ஆய்வை நம்பி முடிவுகட்டுவதும் பிழையே. இங்கிலாந்தில் 1331 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து மதிப்பிட்டும் விழுதல் குறையவில்லை. ஒரு முறை வந்து பட்டியலைச் சரிபார்த்துவிட்டுப் போனால் போதும் என்று யாரும் உறுதிகூற முடியாது என்பதையே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மூக்குக்கண்ணாடியை மாற்றினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சிட்னியில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி முதலிய உதவிகளைப் பெற்ற முதியோரே மற்றவர்களைவிட மிகுதியாக விழுந்தார்கள். புதிய பார்வைக்குக் கண்ணும் காலும் பழகச் சில காலம் பிடிக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. அதனால் கண்ணாடியை மாற்ற வேண்டாம் என்பதில்லை. மாற்றிய முதல் வாரங்களில் படிக்கட்டில் ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

கம்பி பொருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது; தடுமாறும்போது அதைப் பற்றினால் சுவரிலிருந்து பெயர்ந்துவிடும். பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்தவருக்கு, கழிப்பறையில் உட்காரும்போது இடப்பக்கத்தில் இருக்கும் கம்பி பயன்படாது. விளிம்பு சுருண்ட விரிப்பு, வழுக்கலைத் தடுப்பதற்கு மாறாகக் காலைத் தடுக்கும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழிக்கு இரவு விளக்கு இடாமல் மற்றவற்றுக்கெல்லாம் செலவிடுவதும் பலர் செய்வதே.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது, முதியவரைக் கேட்காமலேயே முடிவெடுப்பது. கேட்காமல் இடம் மாற்றிய நாற்காலியை அவர் பழைய இடத்துக்கே இழுத்துப் போடுவார். இழுக்கும்போது விழவும் கூடும். நடமாட்டத்தைத் தடுத்தால் கால் தசைகள் மெலிந்து, விழும் அபாயம் இன்னும் கூடும். ஆகவே கம்பியைப் பொருத்துவதற்கு முன், அவர் வழக்கமாகக் குளிக்கும் நேரத்தில், அவர் இசைவோடு உடன் சென்று, எழும்போது அவர் கை தானாக எங்கே நீள்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.