பின்பிரேக் சீக்கிரம் தேய்கிறதா? லைனருக்கு முன் கேபிளைப் பாருங்கள்

எர்டிகா, வேகன் ஆர், பழைய இன்னோவா எனக் கைமாறிவரும் குடும்ப வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தை, ஷூ என்ற வளைந்த தகட்டில் ஒட்டிய லைனர் உரசி நிறுத்தும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. ஆகவே பின் லைனர், முன்பிரேக்கின் உரசும் பகுதியான பேடைவிட அதிக காலம் உழைக்கவேண்டும். முந்திக்கொண்டு தேய்ந்தால் வேறெங்கோ கோளாறு. பட்டறையில் நான் பார்க்கும் தவறுகள் இவை.

ஹேண்ட் பிரேக்கைக் கேபிளில் இறுக்குவது

தொழில் பழக வருகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. லீவர் அதிகம் மேலே வருகிறது என்று வாடிக்கையாளர் சொன்னதும் ஸ்பேனரோடு உட்கார்ந்து கேபிள் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். லீவர் உயர்ந்ததற்குக் காரணம், லைனர் தேய்ந்து டிரம்முக்குள் இடைவெளி கூடியது. அதைச் சரிசெய்யாமல் கேபிளை இழுத்துக் கட்டினால், ஷூவில் உள்ள நெம்புகோல் தன் இடத்துக்குத் திரும்பாது. பல வண்டிகளில் அதனாலேயே, அந்த இடைவெளியைத் தானே குறைக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் முடங்கிவிடும். இன்னும் இறுக்கினால், ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் ஷூ உரசிக்கொண்டே ஓடும்.

ஏழு பேர் அமரும் பழைய வண்டி ஒன்று வந்தது. லைனர் மாற்றி ஓராண்டுகூட ஆகவில்லை, மைலேஜும் குறைந்துவிட்டது என்றார் உரிமையாளர். டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பெடலை மிதித்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் வெந்து, கசிந்த பிரேக் ஆயிலில் லைனர் நனைந்திருந்தது. கேபிள் நட்டோ மரை முடியும்வரை இறுக்கப்பட்டிருந்தது. லைனர், டிரம், சிலிண்டர் மூன்றையும் இரு பக்கமும் மாற்றினோம். குழந்தைகளோடு ஏற்காடு மலையிறங்கி வந்த வண்டி அது. செலவைவிட அதுதான் என்னை உலுக்கியது.

சரியான முறை இது: முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்துங்கள். அட்ஜஸ்டரைத் திருப்பி, ஷூ உரசத் தொடங்கியதும் சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே விட்டுக்கொடுங்கள். பெடலைப் பலமுறை மிதித்து ஷூவை நடுவில் அமரவிடுங்கள். கேபிளைத் தொடுவது கடைசியில்தான். லீவர் எத்தனை பல் ஏறவேண்டும் என்பது அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

ஒரு சக்கரம் மட்டும் தேய்ந்தால் லைனரைக் குறைசொல்வது

ஹேண்ட் பிரேக் போட்டபடி மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் கேபிளின் உள்கம்பி துருவேறிச் சிக்கிக்கொள்ளும்; அந்தப் பக்க ஷூ விடுபடாமல் உரசும். எண்ணெய் விட்டு ஆட்டினால் சில நாள் தாங்கும், பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். கேபிளையே மாற்றுங்கள்.

ஒரு பக்க லைனரை மட்டும் மாற்றுவது

கூடாது.

டிரம்முக்குள் காற்றடிப்பது

அந்தத் தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பது

சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் டிரம்மை மறுபடி கழற்றுங்கள்.