அரங்கு சுருங்கினால் காலடி சுருங்காது

போன மாதம் இரண்டு இளைஞர்கள் தங்கள் நவீன நடனப் படைப்பை சபா மேடையிலிருந்து ஒரு பழைய கிடங்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனால், ஒருவன் கையில் அளவு நாடா, இன்னொருவன் கையில் கால்குலேட்டர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன்பு நானும் அப்படித்தான் நின்றேன்.

வார்ம் அப் செய்யாமல் ஆடாதே, விளக்குகளை மின் இணைப்பு தாங்குமா என்று கேள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு படைப்பை வேறு இடத்துக்கு மாற்றும்போது நடக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மேடையை விகிதம் போட்டுச் சுருக்குவது

என் படைப்பு மூன்று பேருக்கானது, 40 அடி அகல மேடைக்காகச் செய்தது. அதன் உயிரே ஒரு நடைதான். ஒருத்தி இடமிருந்து வலமாக 30 அடியை 12 காலடியில் கடப்பாள். ஒரு காலடிக்கு 4 கௌண்ட் (தாள எண்ணிக்கை), மொத்தம் 48. அதற்குள் பின்னால் இருவர் விழுந்து எழ வேண்டும்.

புது இடம் 24 அடி. சரி என்று எல்லாவற்றையும் 0.6 ஆல் பெருக்கினேன். 30 அடி 18 ஆனது. இரண்டரை அடி எட்டி வைத்த கால் ஒன்றரை அடியில் நிற்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. தரையிலோ அவள் சேற்றில் செருப்பைத் தேடுகிறவள் மாதிரி நடந்தாள். எட்டி வைக்கும்போது எடை பின்காலை விட்டு முன்காலுக்கு முழுசாகப் போயாக வேண்டும். நடுவில் விழுந்துவிடுவாளோ என்று ஒரு கணம் தோன்றும். அந்தக் கணத்துக்காகத்தான் அந்த நடையே. ஒன்றரை அடியில் அது வரவே இல்லை.

பின்னால் விழுகிறவர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு நடுவே இருந்த 10 அடி இடைவெளி 6 ஆகிவிட்டது. ஆட்கள் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தார்கள். முதல் நாள் நிகழ்ச்சியில் ஒருவன் முழங்கை இன்னொருவன் மூக்கில். ரத்தத்தைப் பார்த்த கூட்டம் அதுவும் படைப்பில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது. நவீன நடனத்தில் இப்படி ஒரு வசதி உண்டு.

இன்றும் எரிச்சலூட்டுவது வேறு. அந்தக் கணக்கை நம்பி 40 அடி வினைல் விரிப்புகளையும் 24 அடிக்கு வெட்டிவிட்டேன். மீதியைச் சுவரோரம் சுருட்டியே விட்டிருக்கலாம். அடுத்த தடவை பெரிய மேடை கிடைத்தபோது துண்டுகளை டேப் போட்டுச் சேர்த்தோம். ஒட்டுப்போட்ட இடத்தில் கால்விரல் தட்டியது. கடன் வாங்கித்தான் புது விரிப்பு வாங்கினேன்.

இரண்டாம் நாள் மதியம்தான் புத்தி வந்தது. காலடியையும் கௌண்ட்டையும் காப்பாற்றினால் போதும், மொத்த நடையும் கண்ணில் பட வேண்டியதில்லை. கிடங்கின் பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். அவள் வெளியே வராந்தாவில் நடக்கத் தொடங்கினாள். ஐந்து காலடி வெளியே, சத்தம் மட்டும். ஏழு காலடி உள்ளே. அவள் நுழைவதற்கு முன்பே மொத்தக் கூட்டமும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய மேடையில் எனக்கு அது கிடைத்ததே இல்லை. விழுகிற இருவரையும் ஒருவர் பின் ஒருவராக விழ வைத்தேன், மூக்கு தப்பியது.

இதைப் பெரியவர்கள் முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் ட்ரிஷா பிரவுன் 1971இல் நியூயார்க்கின் சோஹோ பகுதி மொட்டைமாடிகளில் ஆட்களை நிறுத்தி, ஒருவர் அசைவை அடுத்தவர் பார்த்துச் செய்து கடத்தும்படி ‘ரூஃப் பீஸ்’ அமைத்தார். 2011இல் அதையே ஹை லைன் பூங்காவைச் சுற்றி நடத்தியபோது கூரைகள் வேறு, தூரங்கள் வேறு. அசைவு ஆள் மாற்றி ஆள் போவது மட்டும் அப்படியே இருந்தது. பெல்ஜிய நடன அமைப்பாளர் ஆன் தெரெசா த கீர்ஸ்மேக்கர் ஒரு மணி நேர மேடைப் படைப்பு ஒன்றை 2015இல் பிரஸ்ஸல்ஸின் வீல்ஸ் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனபோது அதை ஒன்பது மணி நேரமாக விரித்தார். யாரும் 0.6 ஆல் பெருக்கவில்லை.

தரையைத் தட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது

வினைல் பிடிமானம் தரும், துள்ளல் தராது. சிமெண்ட் மேல் நேராக விரித்தால் குதிக்கிற அதிர்ச்சி முழுக்க முழங்காலுக்கும் அதற்குக் கீழே முன்பக்க எலும்புக்கும் போகும். இடையில் மரச்சட்டமும் ப்ளைவுட்டும் வேண்டும். அதற்குப் பணமில்லையா, குதிப்பதை எடுத்துவிடுங்கள். ஒரு நாள்தானே, பரவாயில்லை என்று ஆடுகிறவர்களே சொல்வார்கள். ஒத்திகையைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள், அது ஒரு நாளாக இருக்காது.

சமதளத்தில் வரிசையாக நாற்காலி போடுவது

தரையில் படுத்து ஆடும் பகுதி மூன்றாம் வரிசைக்கே தெரியாது. முன்னால் பாய், நடுவில் பெஞ்சு, பின்னால் நாற்காலி.

பழைய விளக்குத் திட்டம்

கிழித்துப் போடுங்கள்.

வீடியோவைப் பார்த்து ஆட்டத்தைக் கற்பது

இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை வீடியோ சரியாகக் காட்டாது. போன தடவை ஆடியவரை ஆட்டோ காசு கொடுத்தாவது வரவழையுங்கள்.

அந்த இளைஞர்களிடம் முதலில் வினைலை வெட்டிவிட்டீர்களா என்றுதான் கேட்டேன். நல்லவேளை, இல்லை. அப்புறம் கதவு எத்தனை என்று கேட்டேன். இரண்டாம். ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.