மின் தூண்டல் சிகிச்சையின்போது தசை விரைவில் சோராதிருக்க
நாமே ஒரு தசையை இயக்கும்போது அதன் இழைத் தொகுதிகள் மாறி மாறி வேலை செய்வதால் ஒவ்வொன்றுக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது. தோலில் ஒட்டும் மின்முனைகள் வழியே மின் துடிப்புகளை அனுப்பித் தசையைச் சுருங்கவைக்கும் மின் தூண்டலிலோ, பெரும்பாலும் மின்முனைக்கு அருகிலுள்ள அதே தொகுதிகளே ஒவ்வொரு துடிப்பிலும் ஒருசேரச் சுருங்குவதால், தசை மிக விரைவில் சோர்ந்துவிடுகிறது. எனவே முதலில் கவனிக்க வேண்டியது அதிர்வெண். நொடிக்கு 50 துடிப்புகளுக்கு மேல் வைத்தால் சுருக்கம் வலுவாகத் தெரியும், ஆனால் அந்த வலு நீடிக்காது. பல தசைகளுக்கு 30 முதல் 35 துடிப்புகளே நடுக்கமில்லாத சீரான சுருக்கத்தைத் தந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, பலரும் பொறுமையிழந்து குறைத்துவிடுகிற ஓய்வு நேரம். தொடக்கத்தில் 10 நொடித் தூண்டலுக்கு 50 நொடி ஓய்வு தந்து, தசை தேறிய பிறகு அந்த ஓய்வை 30 நொடியாகக் குறைக்கலாம். இடையில் சுருக்கம் தளர்ந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், அன்றைய அமர்வை அத்துடன் நிறுத்துவதே நல்லது. மின்முனைகளின் இடத்தைச் சற்று மாற்றி ஒட்டுவதும் வேறு இழைகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும். அளவுகளை இயன்முறை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரின் அனுமதியின்றி இக்கருவியைத் தொடவே கூடாது.