லாக் ஆறு மாதம் இருக்கிறதா? முதலில் திறந்து பாருங்கள்

கணினியில் யார் எப்போது என்ன செய்தார் என்று தானாக விழும் பதிவுக்குத்தான் லாக் என்று பெயர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் அரிசி ஆலை, பால் சொசைட்டி, சீட்டு கம்பெனி என்று எங்கே போய்க் கேட்டாலும் “லாக் எல்லாம் ஆறு மாசத்துக்கு இருக்குதுங்க” என்பார்கள். நம்பித்தான் சொல்கிறார்கள், யாரும் எதையும் அழிக்கவும் இல்லை. ஆனால் நாம் கை வைக்காவிட்டாலும் கணினி தானாக அழித்துக்கொண்டே இருக்கிறது. நான் பார்க்கிற தவறுகளில் பெரியது இதைக் கவனிக்காமல் விடுவதுதான்.

விண்டோஸில் யார் உள்ளே வந்தார், யார் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டார் என்பதெல்லாம் செக்யூரிட்டி லாக்கில் விழும். அதற்கு வழக்கமாக ஒதுக்கியிருக்கும் இடம் 20 எம்பி. நிரம்பினால் பழையது போய்ப் புதியது ஏறும். வேலை குறைந்த கணினியில் அது பல வாரம் தாங்கும். பொள்ளாச்சியில் இருக்கும் கணக்காளர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்துக்குத் திறந்துவிட்டால் கதை வேறு. எங்கிருந்தோ நிரல்கள் விடிய விடியக் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். ஒவ்வொரு தோல்விக்கும் 4625 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். ஓரிரு நாளிலேயே லாக் நிரம்பிவிடலாம். என்றைக்கோ ஒரு முயற்சி பலித்து, உள்ளே நுழைந்ததற்கான 4624 பதிவு விழுந்திருந்தாலும், பின்னால் வரும் தோல்விகள் அதைத் தள்ளிவிடும். நமக்கு வேண்டிய அந்த ஒரு வரிதான் காணாமல் போகும்.

அதனால் இன்றைக்கே லாக்கைக் காட்டும் விண்டோஸ் நிரலான ஈவன்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி லாக்கின் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று பாருங்கள். 20 எம்பியில் 10 நாள்தான் நிற்கிறது என்றால், 180 நாளுக்கு 360 எம்பி வேண்டும். பரபரப்பான நாட்களுக்கும் சேர்த்து 1 ஜிபி கொடுத்துவிடுங்கள். இன்றைய வட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அளவை மாற்றும் அதே இடத்தில் “மேலெழுதாதே” என்று ஒரு தேர்வு இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்து அதைப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் லாக் நிரம்பிய பிறகு புதிய நிகழ்வுகள் பதிவாகாது. நிரம்பியதும் தனிக் கோப்பாக எடுத்து வைக்கும் தேர்வு இன்னொன்று உண்டு, அது நல்லது. ஆனால் அந்தக் கோப்புகளை அவ்வப்போது வேறிடத்துக்கு மாற்றாவிட்டால் சி டிரைவ் நிறைந்துவிடும். லினக்ஸ் சர்வரிலும் இதே கதைதான். பல லினக்ஸ் வகைகளில், பழைய லாக்கைக் கழித்துவிடும் லாக்ரொட்டேட் என்ற நிரல் வாரம் ஒரு கோப்பு, மொத்தம் நாலு கோப்பு என்ற அளவில்தான் வரும். நாம் மாற்றாவிட்டால் ஒரு மாதத்துக்கு முந்தையது இருக்காது.

சரி, 180 எங்கிருந்து வந்தது? மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று கொடுத்த உத்தரவில் இருக்கிறது. எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கையும் எப்போதும் கடைசி 180 நாளுக்கு வைத்திருக்க வேண்டும். மத்திய உத்தரவு என்பதால் தமிழ்நாடு, கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதிதான். ஆனால் அந்த 180-ஐ எல்லாவற்றுக்கும் போடுவது அடுத்த தவறு. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், கணக்கு மென்பொருளில் யார் எந்த பில்லைத் திருத்தினார் என்ற எடிட் லாக் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், அதைக் கணக்குப் புத்தகங்களோடு 8 ஆண்டு காக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்குகளுக்கு ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கார்டு பணத்தைக் கையாளும் அமைப்புகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதி 12 மாதம் கேட்கிறது, அதில் கடைசி 3 மாதம் உடனே எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, லாக்கை அது உருவான கணினியிலேயே விட்டுவைப்பது. உள்ளே வந்தவன் அதையும் அழித்துவிட்டுப் போவான். செக்யூரிட்டி லாக்கைத் துடைத்தால் 1102 என்று ஒரு பதிவு விழும், துடைத்தது தெரியுமே தவிர என்ன நடந்தது என்று தெரியாது. சின்ன ரவுட்டர்களில் இன்னும் மோசம், பலவற்றில் லாக் நினைவகத்தில்தான் இருக்கிறது, கரண்ட் போனால் அதுவும் போச்சு. எல்லாவற்றையும் தனியாக ஒரு பழைய கணினிக்கு அனுப்பச் செய்தாலே போதும், செலவும் பெரிதில்லை.

நேரத்தையும் பாருங்கள். எடைமேடைக் கணினி ஒரு நேரம், கேமரா பெட்டி இருபது நிமிடம் முன்னால் என்று ஓடினால், எந்த லோடுக்கு யார் பில் போட்டார் என்று பொருத்தவே முடியாது. 180 நாள் லாக் இருந்தும் பயனில்லை. மேலே சொன்ன செர்ட்-இன் உத்தரவிலேயே நேரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துவைக்கச் சொல்லியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, எதையுமே அழிக்காமல் பத்து வருடம் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. லாக்கில் வாடிக்கையாளரின் போன் நம்பர் இருக்கும், சில மென்பொருள்களில் கடவுச்சொல்லே விழுந்து கிடக்கும். விதி கேட்கும் காலம் முடிந்ததும் அழிப்பதுதான் முறை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லும்போதே எனக்கு மனசு வலிக்கிறது. கணினியில் ஏதோ நடந்துவிட்டது என்றதும் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு உடனே ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். இத்தனை நாள் காத்த லாக் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. முதலில் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். தானாக அழிக்கும் அமைப்பு ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். லாக் கோப்புகளை வேறு வட்டில் நகல் எடுங்கள். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். நிறுவனமாக இருந்தால் செர்ட்-இன்னுக்குச் சொல்ல, விஷயம் தெரிந்ததிலிருந்து 6 மணி நேரம்தான் இருக்கிறது. ஃபார்மட் எல்லாம் அதற்கு அப்புறம்.